தாழ்ப்பாள் பிடித்தவள்

செவ்வாய்க்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்த கண்மணி முகம் கழுவ மாடிக்குப் போனபோது, குளியல் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நிரம்பி நின்றது. யாரும் குளித்த மாதிரி இல்லை. கால்மிதி உலர்ந்திருந்தது, துண்டுகள் மடிப்புக் கலையாமல் கம்பியில் தொங்கின, தொட்டியின் அடியில் ரப்பர் மூடியை யாரோ இறுக்கி அடைத்திருந்தார்கள். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கூரை விளக்கு அதற்குள் அப்படியே கிடந்தது. லேசான க்ளோரின் வாடை. மூடியை இழுக்கக் குனிந்தவளின் கை தண்ணீருக்கு ஓர் அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

முதல்ல தண்ணி. அப்பறம் கதவு. அப்பறந்தான் மனுசங்க.

நாற்பத்திரண்டு வருடமாகக் கேட்காத, அப்பாவின் வரிசை அது. கேட்கக் கூடாது என்று அவள் வைத்திருந்த வரிசை. கையைத் தண்ணீருக்குள் விட்டு மூடியைப் பிடுங்கினாள். தண்ணீர் மடக்மடக்கென்று குழாய்க்குள் இறங்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

கீழே சாப்பாட்டு மேசையில் அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் கயல் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேல டப்ல யாரு தண்ணி புடிச்சு வெச்சது?"

"எந்த டப்பு?" கிட்டுசாமி நிமிரவில்லை. தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்துகொண்டிருந்தது. "என்ற முழங்காலுக்கு மாடிப்படி ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா கண்ணு?"

கயலின் பென்சில் நின்றது. அம்மா ஏதாவது கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவைத்தான் பார்க்கும். கயல் அவரைப் பார்த்தாள். அவர் கண் ஒரு முறை மூடித் திறந்தது. பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது.

கிட்டுசாமிக்கு எண்பத்துநாலு வயது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பி நியூஜெர்சிக்கு வந்து, முப்பது வருடம் பாலங்களுக்குக் கணக்குப் போட்டு, எடிசனில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். போன வருடம் அந்த வீட்டுப் படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். வீட்டை விற்றார்கள். முதியோர் விடுதிக்குப் போக மாட்டேன் என்றார். கண்மணிக்கும் அப்போது ஓர் ஆள் தேவைப்பட்டது. விவாகரத்துக்குப் பிறகு கணவன் முகிலன் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்குப் போய்விட்டான். அவளுக்கு டெக்சாஸில், ப்ளேனோவில் வேலை, ஃபிரிஸ்கோவில் வீடு, மூன்றே முக்காலுக்கு ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளை. எட்டு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, நாற்பத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளை. அதை இந்த மனிதரிடம் விட்டுப் போனாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பழசு எதையும் கயலிடம் பேசக் கூடாது. சரி என்றார். சரி என்று சொன்னால் சொன்ன சொல்லை மீறாத மனிதர்தான். அவர் பழசைப் பேசவில்லை. புதிதாகச் சொல்லிக் கொடுத்தார். அது அவளுக்கு அந்த வாரம்தான் புரிந்தது.

புதன்கிழமை டான்ஸ் கிளாஸ் முடிந்து காரில் வரும்போது கயல் பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

"அம்மா, ஏஐ உன் வாய்ஸ்ல பேச முடியுமா? எக்ஸாக்ட்லி உன்ன மாதிரி?"

"முடியும்னு சொல்றாங்க. ஏன்?"

"அழுற மாதிரி? ப்ளீஸ் சொல்ற மாதிரி?"

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். கண்மணி கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். கேள்வி கேட்ட முகமாக அது இல்லை. படித்த பாடத்தைச் சரிபார்க்கும் முகம்.

"யாரு சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"ஸ்கூல்ல. துப்பாக்கியோட யாராவது வந்தா எப்படி ஒளியணும்னு லாக்டவுன் ட்ரில்ல மிஸ் சொல்வாங்க. வெளிய யார் நாக் பண்ணாலும் ஓப்பன் பண்ணக் கூடாது. பிரின்சிபல் வாய்ஸ் கேட்டாலும் கூடாது." பிறகு, தமிழில் மட்டும், அப்புச்சியிடம் பேசும் அந்தச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில் சொன்னாள்: "தெரிஞ்ச குரலுக்குத்தான் ரொம்பப் பயப்படோணும்."

அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்று கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். கயல் உலகத்தோடெல்லாம் இங்கிலீஷில் பேசுவாள், அம்மாவிடம் இரண்டையும் கலந்து. அப்புச்சிக்கு மட்டும் முழுத் தமிழ். இங்கிலீஷில் கேட்டால் அவர் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். மகளுக்குத் தமிழ் வருகிறதே என்று கண்மணி ஒரு வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழன் மாலை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையை அவள் திறந்தாள். பெட்டிகளும் வேக்குவமும் போட்டு வைக்கிற, ஜன்னல் இல்லாத அறை. டெக்சாஸில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் எல்லோரும் ஒண்டுவது இப்படியோர் அறையில்தான். பெட்டிகளைக் காணோம். சுவரோரமாகத் தண்ணீர் கேன்கள், கொண்டைக்கடலை டின்கள், ஒரு வாளி, வாளிக்குள் நனைத்துப் பிழிந்த துண்டுகள். சந்துகளில் எல்லாம் சாம்பல் நிற டேப். டார்ச். ஈரத்துணியும் டேப்பும் கலந்த அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் அவள் வெளியே வரத் திரும்பினாள்.

கதவின் உட்புறத்தில் புதிதாக ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அவள் இடுப்புக்கும் கீழே அடித்திருந்தார். எதற்கு இத்தனை தாழ்வாக என்று ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கயலின் நெஞ்சு உயரம்.

திருகாணிகளின் தலையை அவர் அரத்தால் வழுவழுவென்று ராவியிருந்தார். எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காராது.

"அப்பா."

கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார். திரையில் எங்கோ ஒரு நகரத்தின் மேல் புகை எழுந்துகொண்டிருந்தது.

"டொர்னேடோ வர்ற ஊரு," என்றார் அவள் கேட்பதற்கு முன்பே. "புள்ளைக்குச் சொல்லித்தரக் கூடாதா?"

"தாழ்ப்பா எதுக்குப்பா?"

"காத்துக்குக் கதவு தொறந்துக்கும்."

"நாளான்னிக்கு சனிக்கிழமை ஆள் வந்து கழட்டிடுவான். நீங்களும் கிளம்பிடுங்க. உங்க ஃப்ரெண்டு பத்மநாபன் அங்கிள் டாலஸ்ல ஒரு முதியோர் ஹோம்ல இருக்கார். பக்கத்து ரூம் காலியா இருக்கு, கேட்டுட்டேன்."

கிட்டுசாமி அவளைப் பார்த்தார். கோபமே இல்லை. வாத்தியார் தன் பழைய நல்ல மாணவியைப் பார்ப்பது போல இருந்தது.

"நீ நல்லாத்தான் புடிச்சிருந்தே கண்ணு," என்றார். "அன்னைக்கு நீ புடிச்ச புடிய ஒரு ஆம்பள புடிச்சிருக்க மாட்டான். அதுனாலதான உசுரோட இருக்கற?"

டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

கண்மணிக்கு ஒன்பது வயது நடந்தபோது உலகம் எந்த நேரமும் முடிந்துவிடும் என்று எல்லோரும் பேசினார்கள். எண்பத்துமூன்றாம் வருடம். டிவியில் ரஷ்ய ஏவுகணைப் பேச்சு, ஸ்கூலில் ஏவுகணைப் பேச்சு. மற்ற பிள்ளைகள் பேசிவிட்டு விளையாடப் போனார்கள். அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. அணுகுண்டு விழும் இடம் என்று நியூயார்க்கில் காம்பஸ் முள்ளைக் குத்தி அப்பா மூன்று வட்டங்கள் போட்டிருந்தார். முதல் வட்டத்தில் எதுவும் மிஞ்சாது. இரண்டாவதில் தோல் உரியும். எடிசன் மூன்றாவது வட்டத்தின் கோட்டின் மேல் இருந்தது. கோட்டின் மேல் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். "அது அவங்கவங்க கதவப் பொறுத்தது," என்றார்.

அவள் ஷூ போட்டுக்கொண்டே தூங்கினாள். வெளிச்சம் வெடித்தால் கண் போய்விடும் என்று ஜன்னலுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்து சாப்பிட்டாள். நெவார்க்கில் இறங்கும் ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, அது கடந்துபோனதும் நிறுத்துவாள். அம்மா வசந்தாமணி இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பாள். "குண்டு போட்டாப் போட்டுட்டுப் போறான். நீங்க மொதல்ல கீழ பதுக்கி வெச்ச உளுந்த மேல கொண்டாங்க, இட்லிக்கு ஊறப்போடோணும்," என்பாள். அப்பா அந்தச் சிரிப்புக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பேஸ்மென்ட்டில் அறையைக் கட்டிக்கொண்டே இருந்தார். இரும்புக் கதவு. உட்புறம் தாழ்ப்பாள்.

அந்த ஆகஸ்டில் அம்மா பிரசவத்துக்கு ஒத்தாசையாகத் தங்கையிடம் சிகாகோ போயிருந்தாள். ஒரு மத்தியானம் அப்பா வந்து கண்மணியின் கையைப் பிடித்தார். "வந்துருச்சு." அவ்வளவுதான் சொன்னார். கீழே போய்க் கதவைச் சாத்தினார்கள். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. சிகாகோ போச்சு, உங்கம்மா போயிட்டா என்றார். அவள் அழுதபோது அழுகையால் எவ்வளவு காற்று செலவாகும் என்று கணக்குச் சொன்னார்.

நாலாம் நாள் மேலே காலடிச் சத்தம் கேட்டது. யாரோ வேகமாக நடந்தார்கள். மெயின் சுவிட்சை அவர் அணைத்திருந்தார், படிக்கட்டு இருட்டு. யாரோ உருண்டு விழும் சத்தம், எலும்பு முறியும் சத்தம். பிறகு கதவின் அடிப்பக்கத்தில் தட்டினார்கள். தரையில் கிடப்பவர்கள்தான் அவ்வளவு கீழே தட்ட முடியும்.

"கண்மணி... என்ற சாமி... அம்மாடி... காலு ஒடஞ்சு போச்சு கண்ணு. கதவத் தொற."

அப்பா அவள் காதோடு குனிந்தார். அவர் மூச்சில் டின் மீன் நாற்றம் அடித்தது. "அவ மேல பூரா விஷத் தூசி. தொறந்தீன்னா உள்ள வர்றது அவ இல்ல, சாவு. தாழ்ப்பா உன் கைலதான் இருக்குது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே முடிவு பண்ணு."

அவள் பிடித்துக்கொண்டாள்.

அன்று முழுக்கத் தட்டினார்கள். மறுநாளும். தண்ணீர் கேட்டார்கள். பிறகு பெயரை மட்டும் சொன்னார்கள். ஏழாம் நாள் சத்தம் இல்லை. எட்டாம் நாள் சந்துகளின் வழியாக ஒரு நாற்றம் வந்தது. "ஊரு செத்த நாத்தம்," என்றார் அப்பா. பத்தாம் நாள் அவர் தோளைக் கொடுத்துக் கதவை நெட்டித் தள்ள வேண்டியிருந்தது. அவளைக் கண்ணைப் பொத்தி மேலே தூக்கிப் போனார். வாசலில் கையை எடுத்தார்.

பக்கத்து வீட்டுப் புல்தரையில் தண்ணீர்த் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பையன் சைக்கிளில் போனான். ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பியது.

"பயிற்சி," என்றார் அப்பா. "நீ பாஸு. உங்கம்மா முன்னாடியே வந்துட்டா, அது அவ தப்பு. நாம கேம்ப்பிங் போயிருந்தோம், வந்து பாத்தா இப்படிக் கெடந்தான்னு ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லோணும். நீதான் தாழ்ப்பா புடிச்சிருந்தேன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. நாற்பத்திரண்டு வருடம் அவளை அவரோடு கட்டிப் போட்டது அந்த வாக்குதான்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஆபீஸில் எல்லோருடைய ஃபோன்களும் ஒரே நேரத்தில் அலறின. சூறாவளி எச்சரிக்கை. கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டாம் என்றார்கள். கண்மணி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டோல்வே நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக வானம் நிறம் மாறியது. முதலில் கறுப்பு, பிறகு கறுப்புக்கு அடியிலிருந்து ஒரு பச்சை, நாள்பட்ட செம்புப் பாத்திரத்தில் படியும் களிம்புப் பச்சை, தெருவிளக்குகள், கார்கள், ஸ்டியரிங் மேல் இருந்த அவள் கைகள் எல்லாவற்றின் மேலும் வழிந்தது. காற்று நின்றுவிட்டது. வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கயலின் கைக்கடிகார ஃபோனுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே யாரோ துண்டித்தார்கள். எலுமிச்சை அளவு ஆலங்கட்டிகள் கண்ணாடியில் விழத் தொடங்கியபோது அவள் தங்கள் குடியிருப்புக்குள் திரும்பிவிட்டாள். ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி சின்ன ஓக் மரங்கள், ஆள் நடமாட்டம் இல்லை. ஸ்கூல் பக்கத்துக் கம்பத்திலிருந்து சைரன் எழுந்தது. மெல்லத் தொடங்கி, ஏறி, ஏறி, உச்சியில் நின்று ஊளையிட்டது.

ஒன்பது வயதில் எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தாளோ அந்தச் சத்தம்.

கரண்ட் இல்லை. கராஜ் கதவு ஏறவில்லை. முன்கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். உள்ளே இருட்டு. வாசற்படியில் கயலின் ஷூ இல்லை. பிள்ளை ஷூவோடு உள்ளே போயிருக்கிறாள். தரை மரப்பலகையில் ஈரச் சொட்டுகள் சமையலறையிலிருந்து வரிசையாகப் படிக்கட்டின் அடிக்குப் போயிருந்தன.

"கயல்!"

அறைக் கதவைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அடியில் இருந்த விரல் தடிமன் சந்தில் டார்ச் வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் நிழல் ஒன்று நகர்ந்தது.

"கயல், அம்மா வந்துட்டேன். கதவத் தொற."

உள்ளே மூச்சுகள். ஒன்று சின்னது, வேகமானது. இன்னொன்று வயதானது, நிதானமானது.

"பாஸ்வேர்ட் சொல்லுங்க," என்றது கயலின் குரல். தமிழில்.

"என்ன பாஸ்வேர்ட்? கயல், ஸ்டாப் இட். நிஜமா டொர்னேடோ வருது. என்ன உள்ள விடு."

"அம்மான்னா பாஸ்வேர்ட் தெரிஞ்சிருக்கும்னு அப்புச்சி சொன்னாரு."

"எனக்கு யாரும் சொல்லலை. அவர் எங்கிட்ட சொல்லவே இல்லடி!"

உள்ளே கிட்டுசாமியின் குரல், பாடம் நடத்தும் குரல். "பாத்தியா? தெரியல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் கண்ணு. தாழ்ப்பா உன் கைலதான் இருக்குது."

கண்மணி கதவைக் குத்தினாள். தோளால் இடித்தாள். அவர் ஆளை வைத்துக் கதவையும் மாற்றியிருந்தார், வியாழனன்று தாழ்ப்பாளையே பார்த்து நின்றவள் அதைக் கவனிக்கவில்லை. இது உள்ளீடற்ற பழைய கதவு இல்லை, கட்டை. கெஞ்சினாள். ஒவ்வொரு முறை கெஞ்சும்போதும் உள்ளே தாழ்ப்பாள் இன்னும் இறுகுவது தெரிந்தது. அவளுக்குத் தெரியும். வெளியே இருக்கும் குரல் எவ்வளவுக்கு உடைகிறதோ, அவ்வளவுக்கு விரல்கள் இறுகும். அந்த இரும்பின் குளிர்ச்சி, கை வியர்வையில் வழுக்கும்போது மறுகையையும் கொடுத்துப் பிடிப்பது, காதுக்குள் தன் ரத்தமே ஓடும் சத்தம். எல்லாம் தெரியும். தான் வெளியே இருப்பதுதான் புதிது.

சைரன் நின்றது. அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. மாடியில் ஏதோ ஒரு ஜன்னல் உடைந்து விழுந்தது. காது அடைத்தது.

அவள் தரையில் குப்புறப் படுத்தாள். இரண்டு கை விரல்களையும் கதவுக்கு அடியில் நுழைத்தாள்.

"கயல், என் நகத்தப் பாரு. ஞாயித்துக்கிழமை நீ பூசி விட்ட பாலிஷ். கட்டைவிரல்ல வழிஞ்சுபோச்சுன்னு சிரிச்சியே. ஏஐக்கு விரல் இருக்குமா தங்கம்? தொட்டுப் பாரு."

வெளிச்சம் கீழே இறங்கி அவள் விரல்கள் மேல் விழுந்தது. சூடாக இருந்தது. உள்ளே சின்ன முழங்கால்கள் தரையில் படியும் சத்தம். பிறகு ஓர் ஈர விரல்நுனி அவள் இடது சுண்டுவிரல் நகத்தைத் தொட்டது.

"ஒண்ணு," என்றாள் கயல் மெதுவாக.

அடுத்த விரலைத் தொட்டாள். "ரெண்டு." அடுத்தது. கண்மணி மூச்சை அடக்கிக்கொண்டாள். கட்டைவிரலில் வழிந்திருந்த இடத்தை அந்த விரல்நுனி தடவிப் பார்த்தது. பிள்ளைக்கு விசும்பல் வந்தது.

"பத்து. அப்புச்சி, இது அம்மாதான். நெயில் பாலிஷ் இருக்குது. அம்மாதான்."

"கதவ விடாத கண்ணு."

"அம்மாதான் அப்புச்சி!"

தாழ்ப்பாள் கீச்சிட்டது. கொஞ்சம் நகர்ந்தது.

நின்றது.

"பதினொண்ணு," என்றாள் கயல்.

கண்மணிக்கு விளங்கவில்லை.

"பன்னண்டு. பதிமூணு." குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "பதினாலு."

"கயல், என்ன எண்ணுறே?"

"பதினஞ்சு."

தாழ்ப்பாள் படாரென்று பழைய இடத்துக்குப் போனது.

அவள் வலது சுண்டுவிரலை ஒட்டி ஏதோ இருந்தது. குளிர்ந்தது. ஈரமானது. அவள் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. கண்ணின் ஓரத்தில், பச்சை வெளிச்சத்தில், தன் பக்கத்தில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு முதுகு. நைலக்ஸ் சேலை. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. நாற்றம். ஊர் செத்த நாற்றம். அது எந்த ஊரின் நாற்றமும் இல்லை என்று ஒன்பது வயதிலேயே அவளுக்குத் தெரியும்.

"துண்டு," என்றார் கிட்டுசாமி உள்ளே. "சந்த அடை. சீக்கிரம்."

ஈரத்துண்டு வந்து அவள் விரல்களில் இடித்தது. சின்னக் கைகள் பலங்கொண்ட மட்டும் தள்ளின. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது. பத்தும் வந்துவிட்டன.

மற்ற ஐந்தும் வரவில்லை.

அவை உள்ளே போய்க்கொண்டிருந்தன. புறங்கை. மணிக்கட்டு. விரல் தடிமன் சந்துக்குள், மாவு போல நசுங்கி, முழங்கை வரைக்கும். பக்கத்தில் இருந்த முதுகு தரையோடு தரையாகத் தட்டையாகிக்கொண்டே போனது.

"வசந்தா," என்றது அப்பாவின் குரல்.

வாழ்நாளில் முதல் முறையாக அந்தக் குரலில் கணக்கு இல்லை.

"வசந்தா, நானில்ல. அவதான் புடிச்சிருந்தா. அவதான்..."

டார்ச் விழுந்து உருண்டது. சந்தில் வெளிச்சம் ஒரு முறை சுற்றி அணைந்தது. கனமான ஏதோ ஒன்று தண்ணீர் கேன்களின் மேல் சரிந்தது. அதற்குப் பிறகு வயதான மூச்சு கேட்கவில்லை.

"அம்மா!" கயல் வீறிட்டாள். இப்போது இங்கிலீஷும் இல்லை, அப்புச்சியின் தமிழும் இல்லை, வெறும் பிள்ளைக் குரல். "அம்மா! அம்மா தொற!"

"தாழ்ப்பாள இழு! கயல், இழு!"

"இழுக்கறேன்மா. வரலை."

"ரெண்டு கையாலயும் இழு!"

"வரலைம்மா. யாரோ புடிச்சிருக்காங்க." விம்மல். "அப்புச்சி இல்ல. அப்புச்சி கீழ கெடக்கறாரு."

கண்மணி கதவில் நகங்களைப் பதித்தாள். தலைக்கு மேலே ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கூரை ஒரு மூடியைத் திறப்பது போல ஒரு பக்கமாக எழுந்தது, பச்சை வானம் வீட்டுக்குள் கொட்டியது, அந்த வெளிச்சத்தில் அவள் முதல் முறையாகத் தன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஈரப் பலகை மட்டும் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் இப்போது அவள் ஒருத்திதான் இருந்தாள்.